நேதாவின் பன்னிரண்டு வருடங்கள்

பல்கேரியாவின் லோம் ஊர் அடுப்புத் தொழிற்சாலையில் லூபென் தோச்செவ் முப்பத்து நான்கு வருடங்கள் வேலை பார்த்தார். அவற்றில் முதல் இருபத்திரண்டு வருடங்கள் எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்கள் எழுதும் கடிதங்களைப் படித்து, குறைகளை வகை பிரித்து, பதில் அனுப்பும் பிரிவுக்கு அவர் பொறுப்பு. பிரிவு என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவரும் ஸ்லாடினா என்கிற உதவியாளரும் மட்டும்தான். டான்யூப் நதியைப் பார்த்த நீளமான அறை, இரண்டு மேசைகள், சுவர் முழுக்கக் கோப்புகள்.

அவர் வாய் திறந்த அந்தக் கூட்டம், மகள் டாரினா இறந்து மூன்றாவது மாதத்தில் நடந்தது.

தொழிற்சாலை அப்போது மூடுகிற நிலையில் இருந்தது. வெளிநாட்டு அடுப்புகள் பாதி விலைக்குக் கிடைத்தன. என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளிகள் தலைநகர் சோபியாவிலிருந்து எலெனோரா என்ற ஆலோசகரை வரவழைத்தார்கள். முன்பு வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்த பெண்மணி. வந்ததும் பலகையில் இருந்த வரைபடங்களை எல்லாம் அழித்துவிட்டு நான்கு கேள்விகளை எழுதினார். யார்? அவருக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே நிற்கிறது? கடைசியில் என்ன ஆகிறது?

"உங்க அஞ்சு வருஷத் திட்டத்தப் படிச்சேன். நாலாவது பக்கத்துல தூங்கிட்டேன். அதுல ஒரு ஆள் கூட இல்ல. யாருக்காக அடுப்பு செய்யிறீங்கன்னு ஒரு கதையா சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

"நடுத்தர வருமானக் குடும்பம்" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர்.

"அந்தக் குடும்பத்துல யாருக்கு முதுகு வலி?"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து லூபென் எழுந்தார். எதற்காக எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"வயசு இருபத்தொம்பது" என்று ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேல. தனியா இருக்கா. சமையலறை ஆறு டைல்ஸ் அகலம். சின்ன வயசுலேர்ந்து இடுப்புல கோளாறு, சரியா குனிய முடியாது. பாலாடைக்கட்டி வச்ச பனிட்சா வெந்துச்சான்னு பாக்கணும்னா ஒரு முழங்கால் போட்டுத்தான் உக்காருவா. எந்திரிக்கும்போது பிடிமானத்துக்கு அடுப்புக்குக் கீழ இருக்குற ஓவன் கதவப் பிடிப்பா. மணிக்கட்டுல ஒரு சூட்டு வடு இருக்கு. செப்டம்பர்ல குடைமிளகாய் சுடணும்னா பால்கனியில கோட்டு மாட்டிக்கிட்டு நிப்பா, வீட்டுக்குள்ள சுட்டா புகை அடைஞ்சுடும். வேல பாக்குறப்ப வாய்க்குள்ளயே பாடிக்கிட்டிருப்பா. பாட்டுல பால் பொங்கறத மறந்துடுவா."

"பேரு?" என்று மெதுவாகக் கேட்டார் எலெனோரா.

லூபென் ஒரு கணம் தடுமாறினார். "நேதா."

அன்று சாயங்காலத்துக்குள் பொறியாளர்கள் ஓவனை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வரைந்திருந்தார்கள். பக்கவாட்டில் ஆறு குடைமிளகாயை நிறுத்திச் சுடும் குழி ஒன்று, புகை வெளியே போகக் குழாயோடு. அந்த அடுப்பு பல்கேரியா முழுக்க விற்றது. தொழிற்சாலை பிழைத்துக்கொண்டது. லூபெனுக்கு மகள் இறந்திருந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டாரினா கடற்கரை நகரமான வார்னாவில் தங்கி வேலை பார்த்தவள், லோமில் அவளை நன்றாக அறிந்தவர்கள் குறைவு. அவளுடைய சமையலறையைப் பார்த்தவள் அங்கே ஸ்லாடினா ஒருத்திதான். சவ அடக்கத்துக்கு வார்னா வரை வந்து, மறுநாள் வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனவள் அவள். ஆறு டைல்ஸ் என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். பிறகும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் அடுத்த வருடத் திட்டத்தை முடிவு செய்யும் முன்னால், கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்து, நேதாவுக்கு இந்த வருடம் என்ன ஆயிற்று என்று லூபென் எழுதி வந்து சொல்வது வழக்கமாகிவிட்டது. மூன்றாம் வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஸ்தானிமிர், பேருந்துப் பணிமனையில் மின்வேலை பார்ப்பவன், நிறையச் சாப்பிடுபவன். அதனால் இரண்டு பெரிய பாத்திரங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும் அடுப்பு வந்தது. ஐந்தாம் வருடம் மிரா பிறந்தாள். மிராவின் கைக்கு எட்டாமல் பூட்டிக்கொள்ளும் திருகுகள் வந்தன, கடைக்காரர்கள் அவற்றைக் கேட்டு வாங்கினார்கள். எனாமல் பூசும் கூடத்து ஆட்கள் கூட மதிய உணவின்போது, "நம்ம நேதாவுக்கு மாமியார் தொல்லை ஒண்ணும் இல்லையா லூபென் அண்ணே?" என்று கிண்டலாக விசாரிப்பார்கள்.

வீட்டில் இதெல்லாம் எதுவும் தெரியாது.

வீட்டில் டாரினாவின் பெயரை எடுப்பதே கிடையாது. லூபெனின் மனைவி பென்கா ஒவ்வொரு மார்ச்சிலும் அச்சகத்துக்குப் போய், டாரினாவின் படம் போட்ட இரங்கல் தாளைப் புதிதாக அச்சடித்து வருவாள். ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து வருடம் என்று எண் மட்டும் மாறும். படம் அதேதான், இருபத்தொன்பது வயதுச் சிரிப்பு. அதைக் கட்டடத்து வாசல் கதவில் நான்கு மூலையும் ஒட்டிவிட்டு மேலே வந்து முகம் கழுவுவாள். லூபென் அந்தக் கதவைத் திறக்கும்போது படத்தைப் பார்க்க மாட்டார். அவருக்குத் தெரிந்த டாரினாவுக்கு முன்நெற்றியில் நரை விழத் தொடங்கியிருந்தது.

ஒன்பதாம் வருடத்தில் வந்தது சிக்கல். கடிதங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. புது அடுக்ககங்களில் சமையல் மேடைக்குள்ளேயே பதிக்கிற மாதிரி அடுப்பு உண்டா? ஓவனைத் தனியாகச் சுவரில் பொருத்த முடியுமா? இளம் பொறியாளர்கள் இரண்டு பேர் மாதிரி வரைபடத்தோடு கூட்டத்துக்கு வந்தார்கள். கூட்டம் லூபெனைப் பார்த்தது.

"நேதா அப்படி வாங்க மாட்டா" என்றார் அவர். "அடுப்புன்னா அவளுக்கு ஒரே பொருள். வீடு மாறினா கூட எடுத்துட்டுப் போறது. செவுத்துல பதிச்சுட்டா அது அடுத்தவன் வீட்டுப் பொருளாயிடும்."

அவர் சொன்ன விதத்தில் அது நியாயமாகவே பட்டது. வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அந்த மாதிரிக் கடிதங்களை லூபென் அதற்குப் பிறகு வகை பிரிக்கவில்லை. மேசையின் கீழ் டிராயரில் போட்டுக்கொண்டே வந்தார். அடுத்த இரண்டு வருடங்களும் இதே கதைதான். அதற்குள் வேறொரு நிறுவனம் கட்டுமானக்காரர்கள் அத்தனை பேரையும் பிடித்துவிட்டது. போன இலையுதிர்காலத்தில் எனாமல் கூடத்தில் நாற்பத்திரண்டு பேரை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதில் ஸ்லாடினாவின் கணவன் ருமெனும் ஒருவன். அவன் ஜெர்மனிக்குக் கட்டட வேலைக்குப் போனான். அவன் கிளம்பிய மறுநாளும் வழக்கம் போல எட்டு மணிக்கு வந்து ஸ்லாடினா கடிதங்களைப் பிரிக்கத் தொடங்கினாள்.

ஜனவரியில் புது இயக்குநர் வந்தார். கமென், முப்பத்தெட்டு வயது, சத்தம் போடாமல் பேசுகிறவர். மே மாதக் கடைசியில் லூபெனை அறைக்கு அழைத்துக் காபி வரவழைத்தார்.

"லூபென் சார், பன்னெண்டு வருஷக் கதையையும் உக்காந்து படிச்சேன். பொய் சொல்லல, ரெண்டு எடத்துல கண்ணு கலங்கிடுச்சு" என்றார். "ஆனா நேதா மாதிரி ஆளுங்க இப்ப நம்மகிட்ட அடுப்பு வாங்கல. வாங்குறது கட்டுமானக் கம்பெனி. இல்லேன்னா வாடகைக்கு விடுற வீட்டுக்காரன். மூணு வருஷமா இல்லாத ஒருத்திக்காக நாம அடுப்பு செஞ்சிருக்கோம்."

லூபென் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்களக் குத்தம் சொல்லல. எல்லாரும் சேந்துதான் கேட்டாங்க. ஒண்ணு மட்டும் செய்யணும். எடுத்த எடுப்புல நான் போய் இனிமே நேதா கெடையாதுன்னா ஆளுங்க மனசு ஒடைஞ்சிடும். ஆரம்பிச்சவரு நீங்க. ஜூன் கூட்டத்துல நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க. ஜெர்மனிக்குக் குடும்பத்தோட போயிட்டான்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க. நல்லபடியா அனுப்பி வச்சுடுவோம்."

"எழுதிப் பாக்குறேன்" என்றார் லூபென்.

அறைக்குத் திரும்பி வெகுநேரம் நதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்லாடினா தலை நிமிராமல் கேட்டாள்.

"முடிக்கச் சொல்லிட்டாரா?"

"ஆமா."

"எப்படி முடிக்கப் போறீங்க?"

"தெரியல. ஜெர்மனிக்கு அனுப்பச் சொல்றாரு."

"அங்க ஏற்கெனவே ஆளு நெறய" என்றாள் ஸ்லாடினா.

அன்று லூபென் பன்னிரண்டு வருடத் தாள்களையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வரி கூட வரவில்லை. ரொட்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, கடையைத் தாண்டி நதிக்கரை வரை நடந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது, பென்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வருடத் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?" என்று கேட்டாள்.

"ஆபீஸ் வேல."

"பெத்தவகிட்ட வந்து ஆபீஸ் வேலன்னு சொல்லாத, லூபென்."

அவர் ரொட்டியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"கல்யாணம் பண்ணி வச்சிருக்க. யாரக் கேட்டு?"

"கதைதான், பென்கா. அடுப்பு விக்கிறதுக்கு..."

"அப்ப டாரினாவக் காட்டி அடுப்பு வித்திருக்க."

பென்கா தாள்களை விளிம்பு தட்டி நேராக அடுக்கினாள். அவள் குரல் ஏறி ஏறி இறங்கியது.

"வருஷா வருஷம் கதவுல ஒட்ட எனக்கு அதே போட்டோ. அச்சாபீஸ்காரன் என்னப் பாத்ததுமே, 'போன வருஷம் மாதிரியேதானம்மா?'ன்னு கேக்குறான். ஆமாம்பா, அதே மாதிரிதான். நீ என்னடான்னா அங்க ஊரக் கூட்டி வச்சு அவள வளத்திருக்க. ஒரு வருஷமாவது என்ன உக்கார வச்சு ஒரு வரி படிச்சுக் காட்டினியா? நீ அவள எடுத்துக்கிட்ட. எனக்குக் கல்லறைய விட்டுட்ட."

"நீ தாங்க மாட்டேன்னு..."

"பாடுவான்னு எழுதியிருக்க. அவ பாடினதே இல்ல. பாட்டே அவளுக்கு வராது. பாடுறது நான். அதக் கூட மாத்தி வச்சிருக்க."

லூபென் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் காதில் டாரினா பாடிக்கொண்டுதான் இருந்தாள், அந்த வார்னா சமையலறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இப்போது நினைவில் தேடிப் பார்த்தார். அவள் முதுகு இருந்தது. பாட்டு பென்காவின் குரலில் இருந்தது.

"அந்தக் கொழந்த, மிரா" என்றாள் பென்கா, கண்ணாடியைக் கழற்றி. "அதுக்கு இப்ப என்ன வயசு?"

"ஏழு. செப்டம்பர்ல ஸ்கூல் போவா."

பென்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்து படுக்கையறைக்குப் போனாள். மதியம் பெட்டியோடு வெளியே வந்தாள். பெர்கோவிட்சாவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் பிடித்து பெர்கோவிட்சா போனார். பென்கா வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பஸ் நிலையத்துக்கே வந்து, வெளியே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியில் வாங்கிய செர்ரிப் பழப் பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"முடிவு எழுதியாச்சா?"

"இல்ல. வர மாட்டேங்குது."

"எப்படி வரும்? உனக்குத்தான் தெரியாதே."

அவர் திரும்பிப் பார்த்தார். பென்கா ஒரு பழத்தைத் தின்று, கொட்டையைக் கைக்குட்டையில் துப்பி மடித்தாள்.

"நான் வார்னாவுல அவகூட இருந்த கடைசி பதினோரு வாரமும் நீ வரலாமான்னு கேட்ட. ஒவ்வொரு தடவையும் நான் வேண்டாம்னேன். மருந்து வேல செய்யுது, வேலைக்குத் திரும்பப் போறா, நீ வந்தா பயந்துக்குவான்னு சொன்னேன். நெனவிருக்கா?"

"நெனவிருக்கு. வேலைக்குப் போயிட்டுத்தான இருந்தா. ஞாயித்துக்கிழம போன்ல..."

"போகல." பென்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஜனவரியிலேயே படுத்துட்டா. தன்னோட ரத்தத்தத் தானே கண்ணாடித் துண்டுல வச்சுப் பாத்தவ. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும். அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நீ போன் பண்ற நேரம் வந்தா, தலைக்கு ரெண்டு தலையணை வைக்கச் சொல்லுவா. குரல் கட்டக்கூடாதுன்னு முன்னாடியே வெந்நீர் குடிப்பா. உங்கிட்ட பேசிட்டு அரை மணி நேரம் கண்ண மூடிப் படுத்துக் கெடப்பா. அப்புறம் எங்கிட்ட கேப்பா, 'அம்மா, அடுத்த வாரம் அப்பாவுக்கு என்ன சொல்லலாம்?'"

லூபெனின் கையிலிருந்த பழம் நசுங்கியது.

"லேப்ல புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கா, பெரிய டாக்டர் காபியில சர்க்கரைன்னு உப்பப் போட்டுட்டான்னு சொன்னாளே..."

"அப்படி ஒரு பொண்ணே கெடையாது."

அந்தப் பெண்ணை லூபென் இரண்டாம் வருடக் கதையில் எழுதியிருந்தார். கேன்டீனே சிரித்தது.

"நீயும் சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டார்.

"உப்பு என்னோட யோசன" என்றாள் பென்கா. அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், கொட்டைகள் மடித்த கைக்குட்டையைக் கையில் இறுக்கிக்கொண்டு.

பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. லூபென் விரல்களில் ஒட்டிய சாற்றைத் துடைத்தார். பிறகு, "ஏன் எங்கிட்ட சொல்லக்கூடாதாம்?" என்றார்.

"அப்பா அழுறதப் பாக்க முடியாதுன்னா."

"நான் அழுதிருக்க மாட்டேன்."

"அழுதிருப்ப."

"ஆமா" என்றார் லூபென். "கடைசி நாள் சொல்லு."

பென்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். காலையில் தயிர் கேட்டாள், இரண்டு கரண்டி சாப்பிட்டாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். கீழே ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே ஹாரன் சத்தம். என்னவென்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். "நான் எட்டிப் பாத்து, சிவப்புக் காரு, ஒரு பெரியவரு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம குறுக்க மாட்டிக்கிட்டாரு, பின்னாடி ஆம்புலன்ஸ்காரன் திட்டுறான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ 'ம்'னா. நான் இன்னும் சொன்னேன். பெரியவரு எறங்கி தொப்பியக் கழட்டி எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்குறாருன்னேன். திரும்பிப் பாத்தா..."

அந்தக் காலை நேரத்தில் லூபென் ப்ளோவ்டிவில் ஒரு கண்காட்சியில் அடுப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வர்றியா?" என்று எழும்போது கேட்டார்.

"இப்ப வேண்டாம். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நீ வா."

ஜூன் இருபதாம் தேதி கூட்டம் நடந்தது. இருநூறு பேர் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். எனாமல் கூடத்துக்காரர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் நாற்காலிகளே போடவில்லை. கமென் எழுந்து, "எல்லாரும் எதிர்பாத்துக்கிட்டு இருக்கிற ஆளு" என்று சொல்லி உட்கார்ந்தார். சிலர் கைதட்டினார்கள். லூபென் தாள் எதுவும் கொண்டுவரவில்லை.

"நேதா எறந்துட்டா" என்றார்.

யாரோ "ஐயோ" என்றார்கள், கதையைக் கேட்கும் குரலில்.

"இந்த வருஷம் இல்ல. பன்னெண்டு வருஷம் முன்னாடி, மார்ச் மாசம். நான் மொதல் தடவ உங்ககிட்ட அவளப் பத்திப் பேசும்போதே அவ எறந்து மூணு மாசம் ஆச்சு. அவ பேரு டாரினா. என் பொண்ணு. கல்யாணம் ஆகல. கொழந்த இல்ல. அவ பாட மாட்டா, அதையும் நான் தப்பா சொல்லிட்டேன். ஆறு டைல்ஸ் சமையலற மட்டும் நெசம். அந்த இடுப்பும் அந்த வடுவும் நெசம்."

பின்வரிசையில் சிலர் எழுந்து நின்றார்கள்.

"அந்த அம்மா நாலு கேள்வி எழுதினாங்க. யாரு, என்ன வேணும், எது குறுக்க நிக்கிது, கடைசியில என்ன ஆகுதுன்னு. நாலாவது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. அதனால வருஷா வருஷம் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். மொதல் ஏழெட்டு வருஷம் உங்களுக்கு அதனால நல்லது நடந்துச்சு. அப்புறம் கடுதாசில மனுஷங்க வேற ஒண்ணு கேட்டாங்க. எனக்கு அவங்க வேண்டாம்னு ஆயிடுச்சு. அவங்க சொல்றதக் கேட்டா நேதா போயிடுவா. என் மேசையில கீழ் டிராயர்ல நானூத்திப் பத்து கடுதாசி இருக்கு. ஒண்ணுக்கும் பதில் போடல. நாப்பத்திரண்டு பேரு வீட்டுக்குப் போனாங்க. அது இந்த டிராயராலதான்."

பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கமென்தான் முதலில் எழுந்தார். திரையில் இருந்த புதுத் திட்டத்தை அணைத்துவிட்டு, மீதியை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சிலர் லூபெனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சிலர் வேறு வழியாகப் போனார்கள். இரும்பு வார்க்கும் பிரிவிலிருந்து ஒருவர் நின்று, "என் தம்பி அந்த நாப்பத்திரண்டுல இருந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கமென் அறைக்கே வந்தார். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நான் உங்களக் கூட்டத்துல பேசச் சொல்லியிருக்கவே மாட்டேன், சார்."

"எனக்கே இந்த மாசந்தான் முழுசாத் தெரிஞ்சுது" என்றார் லூபென்.

செப்டம்பரோடு ஓய்வு பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். கமென் மறுக்கவில்லை. அதுவரை ஒரே ஒரு வேலைதான் கேட்டு வாங்கிக்கொண்டார், அந்த நானூற்றிப் பத்து கடிதங்களையும் படித்துப் பதில் போடுவது.

ஸ்லாடினாவும் கூட உட்கார்ந்தாள். முதல் ஒரு வாரம் இருவரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஒரு நாள் உறைகளிலிருந்து கடிதங்களை எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"எனக்கு மொதல் நாளே தெரியும் அண்ணே. சமையலறயப் பாத்தவ இல்லையா?"

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கணும். ஒம்பதாவது வருஷம் அந்தப் பசங்க வரைபடத்தோட வந்தப்ப கண்டிப்பா சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு." கையிலிருந்த உறையைக் கீழே வைத்தாள். "அடுத்த வருஷம் அவளுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. ருமென் கூட ஜூன் வந்தா கூட்டம் வரைக்கும் பொறுக்காம வீட்டுலயே எங்கிட்ட கேப்பான், மிரா நடக்க ஆரம்பிச்சுட்டாளான்னு. நாங்க பெத்துக்கல பாருங்க."

லூபென் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடிதங்களின் சாரத்தை அவர்கள் தொகுத்துக் கொடுத்ததிலிருந்து, மேடைக்குள் பதிக்கிற அடுப்பொன்று வரைபடத்துக்கு வந்தது. எனாமல் கூடத்துக்குப் பதினோரு பேரைத் திரும்ப எடுத்தார்கள். ருமெனுக்கும் சொல்லி அனுப்பினார்கள். அவன் அங்கே இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான், வர முடியாது என்றான். பென்கா ஆகஸ்ட் கடைசியில் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். பேச்சு முன்பைவிட அதிகம் இருந்தது என்று சொல்ல முடியாது. சில சாயங்காலங்களில் ஒருவர் டாரினாவைப் பற்றி எதையாவது சொல்வார், மற்றவர் அது அப்படி இல்லை என்று மறுப்பார். யார் சொன்னது சரி என்று முடிவாகாமலே எழுந்து போவார்கள்.

லூபெனுக்கு வேலையில் மூன்று நாட்களே மீதமிருந்தபோது, மதிய நேரத்தில் ஸ்லாடினா கைபேசியில் எண்ணைப் போட்டு அவரிடம் நீட்டினாள். "பேசுங்க. அவனுக்கு இப்ப சாப்பாட்டு நேரம்."

மறுமுனையில் இயந்திரம் ஏதோ கடகடத்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க அண்ணே" என்றான் ருமென்.

"ருமென்... உன் வேல போனதுக்கு நான்தான்..."

"ஸ்லாடினா எல்லாம் சொன்னா." இயந்திரச் சத்தத்திலிருந்து அவன் விலகி நடப்பது கேட்டது. "பொண்ணு விஷயம் கேட்டு மனசு கஷ்டமாயிடுச்சு. அது வேற. ஆனா கோவமும் இருக்கு அண்ணே. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்ப்பா."

"எட்டு பேரு ஒரு ரூம்ல படுக்குறோம். நாப்பத்தாறு வயசுல." பின்னால் யாரோ கத்தினார்கள். "மேஸ்திரி கூப்பிடுறான். இன்னொரு நாள் பேசலாம்."

"சரிப்பா."

"பென்கா அக்காவ விசாரிச்சதா சொல்லுங்க."

ஸ்லாடினா கைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டாள். "என்ன சொன்னான்?"

"கோவமா இருக்கானாம்."

"இருக்கட்டும்" என்றாள் அவள். "எனக்கும் இருக்கு."

அவள் அடுத்த உறையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, அவர் முன்னால் வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய கடிதம், ப்ளெவெனிலிருந்து. வெனெட்டா கோலேவா என்ற ஒருவர் எழுதியிருந்தார். சக்கர நாற்காலியில் இருப்பவராம். அடுப்பை மேடைக்குள் பதித்துத் தந்தால், அடியில் கால்களை நுழைத்துக்கொண்டு தானே சமைக்க முடியும் என்றும், அப்படி ஒன்று உண்டா என்றும் கேட்டிருந்தார். லூபென் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினார்.